கண்ணாடியைக் கழற்றும் முன்... கொஞ்சம் கணக்கு போடுங்கள்!

“பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வரும் என்பது கண்ணாடி போட்ட பெண்ணைப் பெற்ற அம்மாக்களுக்கு நன்றாகவே தெரியும். சோடாபுட்டி என்று பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கேலி, பெண் பார்க்க வருகிறவர்களின் வாயில் கொஞ்சம் மரியாதையாக வெளிப்படும், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பந்தம் முடிவானதும், “முகூர்த்தத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா போட்டோல நல்லாருக்கும்” என்று ஓர் அத்தையோ சித்தியோ ஆரம்பித்து வைப்பார்கள்.

ஒரு வீட்டை மட்டும் கற்பனை செய்துகொள்வோம். திருச்சியில் ஓர் அம்மா, 47 வயது. 24 வயது மகள், இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 7. மகனுக்கு 20 வயது, மைனஸ் ஒன்றரை. அம்மாவுக்கும் சின்ன வயதிலிருந்தே மைனஸ் 2. மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்.

“பத்தே நிமிஷமாம். எதிர்வீட்டுப் பையன் பண்ணிக்கிட்டு மறுநாளே வண்டி ஓட்டறான். நீயும் பண்ணிக்கோயேன்டி. தம்பிக்கும் சேர்த்தே கேட்டுடலாம். ஏன், எனக்கே பண்ணிக்கலாம்னு இருக்கு” என்கிறார் அம்மா.

ஒரே வீடுதான். ஆனால், மூன்று கண்களுக்கும் மூன்று வேறு பதில்கள் கிடைக்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுக் கண்ணுக்கு என்ன பதில் வரும் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

வான்கோழியில் பிறந்த வைத்தியம்

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், எக்ஸைமர் லேசர் என்ற புறஊதாக் கதிரை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் போன்ற பொருட்களைச் செதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1981 நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். லேசர் பட்ட இடம் கருகவில்லை, பொசுங்கவில்லை. கத்தியால்கூட முடியாத அளவுக்குச் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. அவரும் சக விஞ்ஞானிகள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த இந்த விஷயத்தை, ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குக் கொண்டுவந்தார். 2013-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கும் அமெரிக்காவின் தேசியப் பதக்கம் வழங்கப்பட்டது.

அந்தக் கதிர் ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவுதான் சீவி எடுக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். அதிலும் கால் பங்கு! இவ்வளவு நுணுக்கமாகச் சீவ முடிந்ததால்தான் கண்ணில் கை வைக்கும் தைரியமே வந்தது.

சீவப்படுவது கார்னியா. கண்ணின் முன்பக்கம் வாட்ச் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான படலம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை இதுதான் செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் நீளமாக இருப்பதால், ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியை லேசாகத் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் போகும். கண்ணாடி வெளியே நின்று செய்யும் வேலையைக் கண்ணின் மேலேயே செதுக்கிவிடுகிறார்கள்.

ஆபரேஷன் என்றதும் பயப்படுகிற அளவுக்கு அந்த அறைக்குள் எதுவும் நடப்பதில்லை. ஊசி கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு கிளிப். கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில நொடிகள் பார்வை மங்கி இருட்டாகும். பிறகு டக் டக் என்று சத்தம். முடி பொசுங்குவது போல ஒரு வாடை வரும், அதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்து எழுந்துவிடலாம்.

ஆக, அம்மா சொன்ன ‘பத்து நிமிஷம்’ பெரிய பொய் இல்லை. ஆனால், முடிவு எடுக்க வேண்டிய இடம் அந்தப் பத்து நிமிஷம் அல்ல. அதற்கு முன்னால் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கும் பரிசோதனைதான்.

மகளின் கணக்கு

கார்னியாவின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் இருக்கும். சுமார் அரை மில்லிமீட்டர். நாம் செலவு செய்யக் கையில் இருக்கும் மொத்தச் சொத்தே இவ்வளவுதான். ஒருமுறை சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

லாசிக் முறையில் முதலில் மேற்பரப்பில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய மூடியை வெட்டி, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போலத் திருப்பி வைக்கிறார்கள். ‘ஃபிளாப்’ என்பது இதைத்தான். அதற்குக் கீழே லேசர் சீவுகிறது. ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் வரை போகும். பிறகு மூடியைப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறார்கள். தையல் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும்.

மைனஸ் 4 உள்ளவரின் கார்னியா 540 மைக்ரான் என்றால், மூடிக்கு 110, லேசருக்கு ஒரு 56. அடியில் மிச்சம் 374. கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்க மூடிக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பலர் 300-க்குக் கீழே போக விரும்புவதில்லை. எப்படிப் பார்த்தாலும் இவர் நிம்மதியாகப் படுக்கலாம்.

இப்போது திருச்சி மகளுக்கு வருவோம். பவர் மைனஸ் 7. பரிசோதனையில் கார்னியா 490 மைக்ரான் என்று வருகிறது. மூடிக்கு 110, லேசருக்கு 98. மிச்சம் 282. பழைய விதிப்படி பாஸ். ஆனால், இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைத்தால் ஆபத்து கூடுகிறது என்பது அது. இவருக்கு 490-ல் 208 போகிறது. 42 சதவீதத்துக்கும் மேல்!

என்ன ஆபத்து? மெலிந்துபோன கார்னியா உள் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கூம்பு போல முன்னால் பிதுங்கத் தொடங்கலாம். ‘எக்டேசியா’ என்பார்கள். உடனே நடக்காது, ஆபரேஷன் முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். அப்போது கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. விசேஷமான கான்டாக்ட் லென்ஸ், கார்னியாவை இறுக்கும் சிகிச்சை என்று போய், சிலருக்குக் கண் மாற்று ஆபரேஷன் வரைகூட இழுத்துவிடும். கண்ணாடி போட்டால் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்த ஒரு கண்ணுக்கு இது நேர வேண்டுமா?

லேசரே இல்லாமல் இயற்கையாகவே இப்படிப் பிதுங்கும் ‘கெரட்டோகோனஸ்’ என்ற நோயும் உண்டு. ஆரம்பத்தில் வெறும் பவர் ஏறுவது போலத்தான் தெரியும். அலர்ஜி அரிப்பில் கண்ணைப் போட்டுக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். இந்த நோய் ஒளிந்திருக்கும் கண்ணில் லேசர் வைப்பது, விரிசல் விட்ட சுவரில் ஆணி அடிப்பதுதான். அதனால்தான் கார்னியாவின் மேடு பள்ளத்தை வண்ண வண்ணமாகக் காட்டும் ‘டோபோகிராபி’ ஸ்கேன் முக்கியம். தடிமனை மட்டும் அளந்துவிட்டு, “நாளைக்கே வாங்க” என்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

அந்த ஸ்கேனிலும் ஒரு சிக்கல் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் கார்னியா, லென்ஸின் வடிவத்துக்குத் தற்காலிகமாகப் படிந்திருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரங்களாவது கழற்றி வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஐந்து வாரத்தில் கல்யாணம் என்று ஓடி வரும்போது இடிக்கும் முதல் இடமே இதுதான்.

ஹோமப் புகையும் உலர்ந்த கண்ணும்

சரி, தடிமன் பிரச்னையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஐந்து வாரத்தில் செய்யலாமா?

மூடியை வெட்டும்போது கார்னியாவின் மெல்லிய நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. ‘கண் காய்கிறது, கண்ணீர் அனுப்பு’ என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். அவை மீண்டும் வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பலருக்குக் கண் உலர்ந்து, மணல் விழுந்தது போல உறுத்தும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்துடன் பல மாதங்கள் நடமாட வேண்டியிருக்கலாம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அந்த நாட்டுக் கடற்படையினர் 262 பேரையும் பொதுமக்கள் 312 பேரையும் வைத்து ஓர் ஆய்வு செய்தது. 2017-ல் முடிவுகள் வெளியாயின. முன்பு கண் உலர்வே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரையிலானோருக்கு மூன்றாவது மாதத்தில் அது இருந்தது. ஒளிவட்டம், விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கீற்று போன்ற தொல்லைகள் முன்பு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானோர், ஏதாவது ஒரு புதிய தொல்லையைச் சொன்னார்கள். இதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். அன்றாட வேலையே பெரிதும் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விளம்பரங்களில் அந்த 95 மட்டும் வருகிறது. பயமுறுத்தும் வீடியோக்களில் 46 மட்டும் வருகிறது. இரண்டும் ஒரே ஆட்களின் கண்கள்தான்!

அந்த ஒரு சதவீதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். எஃப்.டி.ஏ.வில் லாசிக் கருவிகளைப் பரிசீலித்த பிரிவின் தலைவராக இருந்த மாரிஸ் வாக்ஸ்லரே, ஓய்வுக்குப் பிறகு 2011-ல், அனுமதியை விலக்கிக்கொள்ளும்படி மனு கொடுத்தார். அமைப்பு அதை ஏற்கவில்லை.

இப்போது மணவறையை நினைத்துப் பாருங்கள். ஹோமப் புகை. கண்மை, ஐலைனர். வீடியோ லைட். நலங்கில் முகத்தில் மஞ்சள். விடிய விடியத் தூக்கமில்லை. ஆபரேஷன் ஆன கண்ணில் முதல் சில வாரங்கள் தண்ணீர் படக் கூடாது, மை தீட்டக் கூடாது, கசக்கவே கூடாது. முகூர்த்தத்தில் கண் கலங்கினால் ஆனந்தக் கண்ணீர் என்று சமாளிக்கலாம். மூன்று நாளும் சிவந்தே இருந்தால் என்ன சொல்வது? கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் ஆறு மாதம் முன்பாவது முடித்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு செய்யலாமா என்றால், அதிலும் ஒரு ‘ஆனா’ உண்டு. கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஹார்மோன்களால் பவர் ஏறி இறங்கும், கண்ணும் உலரும். அப்போது அளந்தால் அளவு தவறும். பாலை நிறுத்தி சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் எல்லோரும் டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும்.

தம்பியின் கனவு

தம்பிக்கு மைனஸ் ஒன்றரைதான். கார்னியாவும் தடிமனாக இருக்கிறது. 18 வயது முடிந்து, ஒரு வருடமாகப் பவர் அரைக்கு மேல் மாறாமல் இருந்தால் லேசருக்குத் தகுதி உண்டு. கணக்குப்படி வீட்டிலேயே இவருக்குத்தான் சுலபம்.

ஆனால், இவர் ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். லோகோ பைலட் ஆக வேண்டும். அதற்குக் கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும் என்பதால்தான் லேசர் யோசனையே. இங்கேதான் பல பையன்கள் ஏமாந்துபோகிறார்கள். உதவி லோகோ பைலட் பணிக்கான ரயில்வே அறிவிப்புகளிலேயே, லாசிக் அல்லது பார்வைக் குறையைச் சரிசெய்யும் வேறு எந்த ஆபரேஷனும் செய்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று போட்டிருக்கிறது. கார்னியா ஸ்கேன் எடுத்தால் லேசர் வைத்தது தெரிந்துவிடும். எந்த வேலைக்காகச் செய்கிறாரோ அந்த வேலையே போய்விடும்!

ராணுவம், விமானப்படை போன்றவற்றில் பிரிவுக்குப் பிரிவு விதி வேறு. வயது, ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம், மிச்சத் தடிமன் எவ்வளவு என்று நிபந்தனைகள் இருக்கும். நண்பன் சொன்னான் என்று போகாமல், அந்த வருட அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு போன் செய்ய வேண்டும்.

கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிபடும் விளையாட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லாசிக் மூடி ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய பலம் முழுதாக வராது. வருடங்கள் கழித்து பலமாக அடிபட்டு நகர்ந்த சம்பவங்கள் உண்டு. இவர்களுக்கு மூடியே வெட்டாத பி.ஆர்.கே. முறை பொருந்தலாம். மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டுச் சீவுவார்கள். மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியச் சில வாரம் ஆகும். ஸ்மைல் என்ற இன்னொரு முறையில், சின்னத் துளை வழியாக உள்ளிருந்தே மெல்லிய வில்லை ஒன்றை உருவி எடுக்கிறார்கள். இதில் செலவு கூடுதல்.

செலவு என்றதும் இன்ஷூரன்ஸ் ஞாபகம் வரும். 7.5-க்குக் குறைவான பவருக்கு ஆகும் செலவை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கலாம் என்பது நம் நாட்டின் பொது விதி. திருச்சி வீட்டில் மூவருமே அதற்குக் கீழேதான். முழுதும் கைக்காசு. சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். ‘இந்த மாதம் மட்டும் தள்ளுபடி’ என்று குறுஞ்செய்தி வந்தால் அவசரப்பட வேண்டாம். ஆடித் தள்ளுபடி புடவைக்குச் சரி.

அம்மாவுக்கு மட்டும் ஒரு ரகசியம்

அம்மாவின் மைனஸ் 2-ஐ லேசரில் சுலபமாகப் போக்கிவிடலாம். மறுநாள் தெருமுனை பஸ் நம்பர் தெரியும். ஆனால், அன்று மாலையே ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால் தெரியாது!

நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் கண்ணின் உள் லென்ஸ் இறுகிப்போகும். பக்கத்தில் இருப்பதைக் குவிக்க முடியாது. வெள்ளெழுத்து என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். லேசர் சீவுவது கார்னியாவை, வெள்ளெழுத்தோ உள்ளே இருக்கும் லென்ஸின் சமாச்சாரம். மைனஸ் 2 உள்ளவர்களுக்கு ஓர் இயற்கைச் சலுகை உண்டு. கண்ணாடியைக் கழற்றினாலே பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். அம்மா இத்தனை நாளாகப் பஞ்சாங்கம் பார்க்கும்போதும் அரிசியில் கல் பொறுக்கும்போதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தது அதனால்தான். லேசர் வைத்தால் அந்தச் சலுகை போய், படிக்கிற கண்ணாடி வந்து சேரும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைப் பக்கத்துக்குமாக வைக்கும் ‘மோனோவிஷன்’ ஏற்பாடு உண்டு. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. கான்டாக்ட் லென்ஸில் சில நாள் ஒத்திகை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அம்மா சிரித்துவிட்டு விலகிக்கொள்கிறார். மகளுக்கோ, கார்னியாவைச் சீவாமல் கண்ணுக்குள்ளேயே மெல்லிய லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். என்ற வழியை டாக்டர் சொல்கிறார். அதற்கென்று தனிப் பரிசோதனை, தனி ஆபத்துகள், லேசரைவிடக் கூடுதல் செலவு. நிதானமாக யோசிக்கலாம்.

“அப்போ முகூர்த்தத்துக்கு என்னடி பண்ணுவே?”

“ரிசப்ஷனுக்கு தினசரி லென்ஸ் போட்டுக்கறேன்மா. முகூர்த்தத்துக்கு கண்ணாடிதான். தாலி கட்டறது யாருன்னு எனக்கு நல்லாத் தெரியணுமில்ல!”

அந்தப் பரிசோதனை ஃபைலை மட்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. லேசர் செய்துகொண்டவர்கள் என்றால் இன்னும் பத்திரமாக வைக்க வேண்டும். 60 வயதில் கண்புரை வரும்போது, உள்ளே எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்ற கணக்கு, சீவிய கார்னியாவில் தடம் மாறிவிடும். ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. கண் அழுத்தம் பார்க்கும்போதும், மெலிந்த கார்னியாவில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ‘எனக்கு லாசிக் ஆயிருக்கு’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லியே ஆக வேண்டும். மைனஸ் 7 கண் லேசருக்குப் பிறகும் உள்ளே நீளமான கண்தான் என்பதால், விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கும். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கொத்தாக மிதப்பது போலவோ தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடி இல்லையே என்று வருடாந்திரச் செக்கப்பையும் விட்டுவிடக் கூடாது.